இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள கூடம்

மனிதர்களைச் சந்தேகப்படும் பழக்கம் தனக்கு இல்லை என்று எங்கள் சித்தப்பா சொல்லிக்கொள்வார். அவர்கள் சொல்லும் எண்களைத்தான் சந்தேகப்படுவாராம். கடைக்காரர் "முக்கால் கிலோ சரியா இருக்கு" என்றால், தராசைப் பார்க்காமல் கடைக்காரரின் கண்ணைப் பார்ப்பார். சித்தி வெளியே கிளம்பும்போது "அரை மணி நேரத்துல வந்துருவேன்" என்றால், "அரைன்னா?" என்பார்.

"அரைன்னா பாதி. உங்களுக்குப் புத்தி இருக்கே, அந்த அளவு" என்று சொல்லிவிட்டுச் சித்தி படியிறங்கிவிடுவாள். அவர் கோபப்படமாட்டார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

வண்ணக் கண்ணாடித் துண்டுகள் விற்கும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் அவருக்கு வேலை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சதுரத் துண்டுகள். தரையிலும் சுவரிலும் நீச்சல்குளத்திலும் பதிப்பவை. விற்பதோடு பதித்துக் கொடுப்பதும் அவர்களே. ஸ்டோர் ஒரு நீளமான கொட்டகை. நிறத்துக்கு ஓர் அடுக்கு. நீலத்தில் மட்டும் எத்தனை நீலம் இருக்கிறது என்று அங்கே போனால்தான் தெரியும். மதியம் வெயில் சாய்ந்து உள்ளே வந்தால் காற்றிலிருக்கும் தூசியெல்லாம் மினுங்கும். அந்த மினுமினுப்பின் நடுவே உயரமான ஸ்டூலில் சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலிருந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்து, பதிலுக்கு அட்டை ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கம்பெனியில் அட்டை ஜன்னல். இதைப் பற்றி யாராவது சிரித்தால், உடைத்தது யார் என்று அவருக்குத் தெரியும் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

துண்டுகள் விலை கூடியவை. பதிக்கும் ஆட்கள் மூட்டையாக எடுத்துப் போவார்கள். வேலை முடிந்ததும், எத்தனை துண்டு பதித்தோம் என்று சித்தப்பாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அங்கே உடைந்தது, இங்கே விழுந்தது, மழை வந்தது என்று ஒரு வார்த்தை கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

"வாய் இருக்கறவன் எல்லாம் கதை சொல்லுவான். எண்ணுக்கு வாய் கிடையாது" என்பார்.

வந்த எண்ணை அவர் சோதிக்கும் விதம் தனி. தரை என்பது வரிசைகள். ஒரு வரிசையில் இத்தனை துண்டு, மொத்தம் இத்தனை வரிசை. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் மொத்தம். ஆகவே நேர்மையான மொத்தம் எதுவானாலும் அதை உடைத்தால் ஒரு நீளமும் ஓர் அகலமும் கிடைத்தாக வேண்டும். துண்டுகளுக்கு நடுவே விடும் ஜாயிண்ட் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் வரைபடத்தைப் பார்த்து வரிசைக் கணக்கைச் சொல்லிவிட முடியாது. எண்ணை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு குளியலறைச் சுவருக்கு வந்த எண்ணை அவர் உடைத்தபோது, ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் உடையவே உடையாத ஒரு பெரிய எண்ணும் கிடைத்தன. "ரெண்டே வரிசையில சுவரா? குளிக்கறது யாரு, எறும்பா?" என்று கேட்டார். விசாரித்ததில், பதித்தவரின் சொந்த வீட்டு அடுக்களையில் அதே பச்சை பளபளத்தது. அன்றிலிருந்து கம்பெனியில் அவருக்கு 'மீதி' என்று பெயர். அவர் காதுபடக் கூப்பிட்டாலும் அவருக்கு அது பட்டம் வாங்கியதுபோல்தான்.

பொய் எண்களைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. பொய் சொல்பவனுக்கு முழு எண்களைக் கண்டால் பயம். ஐந்நூறு, ஆயிரம் என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்து, கடைசியில் ஒரு மூன்றோ ஏழோ ஒன்பதோ போட்டு முரட்டுத்தனமாக ஓர் எண்ணை எழுதுவான். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்கள் குடியிருப்பதும் அந்தத் தெருவில்தான். "பொய்யனும் பகா எண்ணும் பக்கத்து வீடு" என்பார்.

இத்தனைக்கும் நடுவில், அதே கம்பெனிக்குத் துண்டு பதிக்கும் ஆட்களில் ஒருவர் சித்தியின் ஒரே தம்பி. எனக்கு மாமா. கல்யாணம் ஆகாதவர். ஒரு சைக்கிள் பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தார். குந்தி உட்கார்ந்தே வேலை பார்த்து, நடக்கும்போதும் பாதி குந்தினாற்போல்தான் நடப்பார். வாய் மட்டும் நிமிர்ந்தே இருக்கும். "அத்தான், எங்க அக்கா சிரிச்சா எத்தனை பல்லு தெரியுதுன்னு எண்ணி வச்சிருக்கீங்களா?" என்பார். "அவ எங்கடா சிரிச்சா" என்பார் சித்தப்பா.

ஒரு புதிய நூலகத்தின் முன்கூடத் தரையை மாமா பதித்து முடித்திருந்தார். நாலு சுவருக்குள் தூண் ஏதும் இல்லாத ஒரே கூடம். மேனேஜரம்மாவுக்கு வேலை பிடித்துப்போய், அடுத்து வரும் பெரிய நீச்சல்குளத்தை அவருக்கே தருவதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சித்தப்பா கணக்கைச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்தக் குளம் வந்தால் தம்பிக்கு ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்று சித்தி வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை மாமாவின் செய்தி வந்தது. சட்டப்படி எண் மட்டும்: 104729.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா போனில் கால்குலேட்டரைத் திறந்து உட்கார்ந்தார். ஒன்பதில் முடிகிறது, ஆக இரண்டும் ஐந்தும் போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்து மூன்று, ஆக மூன்றும் போயிற்று. ஏழால் வகுத்தால் இரண்டு மீதி. பதிமூன்றால் வகுத்தால் ஒன்றே ஒன்று மீதி. பத்தொன்பதுக்கும் அதே ஒன்று. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஒண்ணு குறைச்சுச் சொல்லியிருந்தா அழகா உடைஞ்சிருக்கும். பதிமூணு, பத்தொன்பது, அம்பத்துமூணு எல்லாம் போகும். அந்த ஒண்ணைக் கூட்டிட்டான் பாரு" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தாள். "யாரு?"

"எண்ணைச் சொல்றேன்."

"எண்ணுக்கு எப்பலேருந்து 'ட்டான்' போட ஆரம்பிச்சீங்க?"

அவர் வகுத்துக்கொண்டே போனார். முந்நூற்று இருபத்து மூன்று வரை போனால் போதும். அடுத்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மொத்தத்தைத் தாண்டிவிடும். அதுவரை எதுவும் வகுக்கவில்லையென்றால் பிறகு எதுவும் வகுக்காது. வெயில் இறங்கியபோது அவர் போனைக் கீழே வைத்தார். ஒன்றும் வகுக்கவில்லை. பகா எண்.

உறுதிக்காக இணையத்திலும் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வோர் எண்ணின் குணங்களையும் வரிசையாகச் சொல்லும் ஒரு பக்கம் வந்தது. முதல் வரி: இது பகா எண். இரண்டாவது வரி: இரண்டிலிருந்து தொடங்கி எண்ணினால் இதுவே சரியாகப் பத்தாயிரமாவது பகா எண். அதற்குமேல் அவர் படிக்கவில்லை.

"பத்தாயிரமாவதாம்! இது தற்செயலா வருமா? எங்கயோ பார்த்து எடுத்து எழுதியிருக்கான்."

"அவன் செருப்பு வாங்கப் போனா அளவே கடைக்காரனைத்தான் கேப்பான். அவன் பத்தாயிரமாவதைத் தேடிப் போயி எழுதினானாக்கும்" என்றாள் சித்தி.

"இந்த எண்ணுக்கு ஒரே ஒரு வரிசைதான் உண்டு. தரை ஒரு துண்டு அகலம், இரண்டரை கிலோமீட்டர் நீளம். நூலகத்துல ஆரம்பிச்சா பஸ் நிலையம் தாண்டிப் போகும்."

"என் தம்பி திருடன்னு உங்க வாயால சொல்லுங்க பார்ப்போம்."

"நான் சொல்லல. எண் சொல்லுது."

"அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா கதை சொல்லுவான்."

திங்கட்கிழமை மேனேஜரம்மாவிடம் போய், கணக்கு சந்தேகம் என்று சொல்லிவிட்டார். "உங்க மச்சினன்தானே?" என்று அவர் தயங்கினார். "அதனாலதான் சொல்றேன்" என்றார் சித்தப்பா. சொந்தக்காரன் என்று விட்டுக்கொடுக்காத பெருமை குரலில் இருந்தது. நீச்சல்குளம் வேறு ஆளுக்குப் போகும் என்று அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது.

வீட்டில் சித்தி பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் அளந்து பேசினாள். "தண்ணி வேணுமா? வகுபடுமான்னு பார்த்துட்டுத் தரேன்." மாமா வரவில்லை. அக்காவுக்கு மட்டும் போன் செய்து, "அத்தானுக்கு என்ன தெரியணுமோ அதை அத்தானே கேக்கட்டும். நானாப் போயி வாசல்ல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா கேட்கவில்லை. சாக்பீஸ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

நூலகம் இன்னும் திறக்கப்படவில்லை. காவலாளி, "என்ன சார் விஷயம்?" என்றார்.

"தரையைப் பார்க்கணும்."

"பார்க்கறதுக்கு எதுக்கு சாக்பீஸ்?"

"கிறுக்க மாட்டேன். துடைச்சிருவேன்."

உள்ளே ஆழமான நீலத்தில் தொடங்கி நடுவுக்கு வரவர வெளுத்துக்கொண்டே போகும் தரை. எதிர் ஜன்னலின் வெளிச்சம் அதன்மேல் இறங்கி, நகராமல் நின்றது. அடுக்கில் கிலோ கிலோவாகப் பார்த்த அதே துண்டுகள்தான். சித்தப்பா ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றார். பிறகு அழகாக இருப்பதும் ஏமாற்றத்தானோ என்று தோன்றியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார்.

சுவரை ஒட்டி, பத்துத் துண்டுக்கு ஒரு கோடு. பாதியில் காவலாளியும் குனிந்து எண்ண ஆரம்பித்து, குழப்பிவிட்டார். "ஐயா, நீங்க சும்மா இருந்தாலே பெரிய உதவி" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா முதலிலிருந்து எண்ணினார். கடைசித் துண்டு மூலையில் முடிந்தபோது கணக்கு முந்நூற்று இருபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் வகுப்பதை நிறுத்திய அதே எண். எழுந்து அடுத்த சுவருக்குப் போனார். அங்கேயும் முந்நூற்று இருபத்து மூன்று. எண்ணிக்கையில் அச்சுப் பிசகாத சதுரம்.

போனில் பெருக்கினார். 104329. மாமா அனுப்பியதோ 104729.

நானூறு கூடுதல்.

"பிடிச்சிட்டேன்" என்றார் சத்தமாக. காவலாளி பயந்துபோய்த் தன் காலடியைப் பார்த்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிடித்துவிட்ட நிம்மதி இரண்டு நிறுத்தம் வரை இருந்தது. மூன்றாவதில் அந்த நானூறு உள்ளே குறுகுறுக்க ஆரம்பித்தது. இத்தனை நாளும் அவர் சொல்லிவந்தது என்ன? பொய்யனுக்கு முழு எண்ணைக் கண்டால் பயம். நானூற்றுப் பதிமூன்றைத் திருடுவான், முந்நூற்று எண்பத்தேழைத் திருடுவான். சரியாக நானூறை ஒருவன் திருடுவானா? அதுவும் தரை சதுரம் என்றால் நானூறும் சதுரம். இருபதுக்கு இருபது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண் எதுவானாலும் இரண்டு சதுரங்களாகப் பிரியும். ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும். இந்த எண் பிரியும் விதம்: முந்நூற்று இருபத்து மூன்றின் சதுரம், இருபதின் சதுரம். வேறு வழி கிடையாது.

அவர் அதை நம்பவில்லை. 104729லிருந்து ஒவ்வொரு சதுரமாகக் கழித்து, மிஞ்சுவது சதுரமா என்று தானே பார்த்தார். வேறெதுவும் வரவில்லை. வாய்க்கு வந்த எண்ணை ஒருவன் எழுதியிருந்தால் அதுவும் ஏதோ இரண்டு சதுரமாகப் பிரிந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரே ஒரு பிரிவில் பெரிய சதுரம், அந்தக் கூடத்துத் தரையாகவே வந்து உட்காருமா? எண்ணுக்குள் கூடம் அப்படியே இருந்தது. அப்படியானால் சின்னச் சதுரமும் எங்கோ இருக்கிறது. தரை ஒரே செவ்வகமாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்தது சரி. வேலையும் ஒரே செவ்வகமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

"இவளே, உன் தம்பி அங்க இருபதுக்கு இருபதுல வேற எதாவது ஒட்டினானா?" அடுக்களைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சாம்பிள் பலகையைச் சொல்றீங்களா? கட்டடம் டிசைன் பண்ணின அம்மா, கலரு அந்த வெளிச்சத்துல எப்படி இருக்குன்னு முதல்ல ஒரு பலகையில ஒட்டிக் காட்டச் சொன்னாங்களாம். பிடிச்சுப்போயி அவங்களே தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? உங்க எண்ணுக்குள்ள பலகை இருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் சித்தி. "அவன் செய்தியில எழுதலாம்னா, ஒரு வார்த்தை கூடினாலும் திருப்பி அனுப்பற ஆளு நீங்க."

நியாயமாக அவர் அப்போதே மாமாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கட்டடக்கலைஞர் அம்மாவின் போன் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினார். பலகை தன் அலுவலகத்தில்தான் சாய்ந்திருக்கிறது என்றார் அவர். "நம்பாம இல்ல மேடம். சும்மா, பக்கத்துக்கு எத்தனை துண்டுன்னு எண்ணிச் சொல்ல முடியுமா?" என்றார் சித்தப்பா. அந்தப் பக்கம் எண்ணும் முணுமுணுப்பு கேட்டது. இருபது என்று பதில் வந்தது. "மேலிருந்து கீழயும் ஒருதடவை..." என்று இழுத்தார். அதுவும் இருபதுதான்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "குளத்துக்கு வேற ஆளை வரச் சொல்லிட்டேனே. நாளைக்குக் காலையில அவர் வந்து நிப்பார். அதுக்கு முன்னாடி உங்க மச்சினன் என் முன்னால இருந்தா மாத்திக்கலாம். ஆனா அவர்தான் என் போனையே எடுக்க மாட்டேங்கறாரே." பிறகு, "நீங்கதான் கூட்டிட்டு வரணும்" என்றார்.

மாலையில் சித்தப்பா சைக்கிள் பட்டறைக்குப் போனார். பக்கவாட்டில் இரும்புப் படிகள். மேலே கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. இவர் மேல்படிக்கு வந்ததும் அதுவும் நின்றது.

"மாப்ள, இருக்கியா?"

"இல்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சித்தப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வரும்போது எதையெல்லாமோ கோத்து வைத்திருந்தார். கணக்கு சரியாகிவிட்டது, மேடத்திடம் பேசியாயிற்று, தப்பு என்மேல்தான். அதையெல்லாம் ஓரமாக வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

"எண்ணைக் கேளுங்க. அதுதான் கதை சொல்லாது."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை சித்தப்பா காத்திருந்தார்.

"அந்தக் கூடத்துல எந்தச் சுவரும் நேரா இல்லடா. நான் மண்டி போட்டுப் பார்த்தேன். வடக்குச் சுவரு நடுவுல தொப்பையைத் தள்ளிக்கிட்டு நிக்குது. ஆனா ரெண்டு பக்கமும் முந்நூத்தி இருபத்துமூணு. ஓரத்துல வெட்டுன துண்டு ஒண்ணுகூட என் கண்ணுல படல. அதெப்படி? எனக்குச் சந்தேகமா இருக்கு."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"வெட்டினா அசிங்கமா இருக்கும்" என்றது குரல். இப்போது கதவுக்குப் பக்கத்தில்.

"அதான், வெட்டாம எப்படின்னு கேக்கறேன்."

"ஜாயிண்ட்ல இழுத்துக்கிட்டேன். தொப்பைக்கு நேரா வர்ற வரிசையில மயிரிழை மயிரிழையா நெருக்கிட்டு, தள்ளிப் போனதும் விட்டுக் குடுத்தேன். பார்த்தாத் தெரியாது."

"தெரியல."

"எண்ணினா?"

"எண்ணினாலும் தெரியலடா."

தாழ்ப்பாள் விலகியது. கதவு முழுசாகத் திறக்கவில்லை. ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கும் அளவுக்கு மட்டும். மாமா சாப்பிட்ட கையோடு நின்றார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், நேற்றிலிருந்து மாற்றாத வேட்டியில் முழங்கால் படும் இடத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் வெள்ளையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில மேனேஜர் முன்னால நிக்கணும். நீ வராட்டி குளம் அந்த ஆளுக்கே போயிரும். தப்பு என்மேலதான். அதை அங்கயும் சொல்லிட்டேன்."

"அங்க சொல்லிட்டு இங்க வந்தீங்களா, இங்க சொல்லிட்டு அங்க போறீங்களா?"

"அங்க முதல்ல."

"அது போதும், வரேன்" என்றார் மாமா. "ஆனா இனிமே எண் அனுப்ப மாட்டேன் அத்தான். வேணும்னா நீங்களே குளத்துல இறங்கி எண்ணிக்கங்க."

"எண்ணிக்கறேன். தண்ணி விடறதுக்கு முன்னாடி கூப்பிடு."

"அது அப்ப எனக்கு என்ன தோணுதோ அதைப் பொறுத்து" என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.